பழைய ஸ்பைடரைக் கொடுத்துவிட்டுப் புதிய ஸ்பைடர் வாங்கும்போது

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரத்தில் ஓடும் மோட்டார்சைக்கிளான கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டியை மாற்ற நினைப்பவர் கடைக்குள் நுழைந்ததும் கை தானாகப் போவது திரைமேல்தான். 2025 மாடலில் 10.25 அங்குலத் தொடுதிரை இருக்கிறது, ஆப்பிள் கார்பிளே ஓடுகிறது. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு நாளில் 600 கிலோமீட்டர் ஓட்டி இறங்கும்போது இடுப்புக்கும் தோளுக்கும் தெரிவது எஞ்சின், இருக்கை, டயர், முன்சக்கரங்கள் நேராக நிற்கும் அலைன்மென்ட் ஆகிய நான்கும்தான். மாற்றுவதற்கான பணத்தை இந்த நான்கின் பக்கம் திருப்பினால் வண்டி பல வருடம் சுகமாக ஓடும். திரைக்காக மட்டும் கொடுத்தால் அடுத்த மாடல் வந்ததும் மறுபடி மனம் அலையும்.

எதிலிருந்து எதற்கு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூரைத் தலைமையிடமாகக் கொண்ட பிஆர்பி நிறுவனம் ஸ்பைடரை 2007-ல் அறிமுகப்படுத்தியது. நெடும்பயணத்துக்கான ஆர்டி 2010 மாடலாக வந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் நிறமும் பெயரும் மாறினாலும் உண்மையான எல்லைக்கோடுகள் மூன்றுதான்: 2013, 2014, 2020.

2010 முதல் 2012 வரையிலான ஆர்டியில் ரோடாக்ஸ் 998 வி-ட்வின் எஞ்சின்: 100 குதிரைத்திறன், 108 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). 2013-ல் எஞ்சின் அதேதான். ஆனால் முன்சக்கரம் 15 அங்குலமானது, பிரெம்போ பிரேக்கும் பெரிய டிஸ்க்கும் வந்தன. 998-லேயே நின்றுகொள்ளலாம் என்பவர்கள் 2013-க்கு முந்தியதைத் தொடாமல் இருப்பது நல்லது. பிரேக்கில் தெரியும் வித்தியாசம் சின்னதல்ல.

2014-ல் வந்தது 1330 ஏஸ். மூன்று சிலிண்டர், 115 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். காகிதத்தில் 15 குதிரைத்திறன் கூடியதாக மட்டும் தெரியும். ரோட்டில் கதை வேறு. 998-ஐ நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேலே வைத்து ஓட்ட வேண்டும். மூவாயிரத்துக்குக் கீழே இழுக்கச் சொன்னால் உதறும், கிளட்சுக்கும் கேடு. 1330 அடிச்சுற்றிலேயே இழுக்கும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஆறாவது கியரில் மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில் அமைதியாகப் போகும். 998-ல் கோடைநாளில் காலில் அடிக்கும் சூடும் 1330-ல் வெகுவாகக் குறைந்துவிட்டது. மதிய வெயிலில் நெரிசலில் நின்றவர்களுக்கு இது ஒன்றே போதும்.

2020-ல் உடல் முழுக்க மாறியது. ஓட்டுபவருக்கு நீளமான கால்பலகை, தாழ்ந்த இருக்கை, எல்இடி முகப்பு விளக்கு, 7.8 அங்குலத் திரை, கழற்றி மாட்டும் பின்பெட்டி. லிமிடெட் மாடலில் பின்பெட்டியோடு சேர்த்துச் சாமான் இடம் 177 லிட்டர். அதற்கு முந்தைய உடலில் 155 லிட்டர். எஞ்சின் அதே 1330-தான்.

ஆகவே எங்கள் கணக்கு இது. 998 வைத்திருப்பவர் நன்றாகப் பராமரித்த 2014 முதல் 2019 வரையிலான 1330-க்குப் போனால் கொடுக்கும் காசுக்கு அதிகபட்ச மாற்றம் கிடைக்கும். ஏற்கெனவே 1330 வைத்திருப்பவர் 2020-க்குப் பிந்தியதற்கு மாறலாமா? முழங்காலை நீட்டி உட்கார வேண்டியவர், அடிக்கடி துணையை ஏற்றிக்கொண்டு பல நாள் பயணம் போகிறவர் என்றால் மாறலாம். மற்றவர்கள் அதே பணத்தில் நல்ல இருக்கையும் டயரும் போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டலாம். 2020-க்குப் பிந்தியதிலிருந்து 2025-க்குப் போவதற்கு, அந்தத் திரையைத் தவிர வலுவான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

விற்பவர் சொல்லும் வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் 2014, எஃப் 2015, ஜி 2016, எச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024, எஸ் 2025. வண்டி தயாரான மாதமும் மாடல் வருடமும் ஒன்றாக இருக்காது. ஸ்டிக்கரில் 2013-ன் கடைசி மாதங்கள் இருந்தும் வண்டி 2014 மாடலாக இருக்கலாம். இந்த இடத்தில் அந்த ஓர் எழுத்து எஞ்சினையே மாற்றிவிடும்.

கிளட்ச் கைப்பிடி வேண்டுமா

பழைய ஆர்டியில் கையால் கிளட்ச் பிடிக்கும் வகையும் விரலால் மாற்றும் அரைத் தானியங்கி வகையும் இருந்தன. 1330-ல் இவற்றுக்கு எஸ்எம்6, எஸ்இ6 என்று பெயர். 2020 உடலில் ஆர்டிக்கு எஸ்இ6 மட்டும்தான். கைக்கிளட்ச் இல்லாமல் முடியாது என்பவர் 2019-க்குள் தேட வேண்டும்.

எஸ்இ6-ல் இடதுகைக் கட்டைவிரலால் தள்ளினால் மேல்கியர், சுட்டுவிரலால் இழுத்தால் கீழ்கியர். வேகம் குறையும்போது கீழ்கியருக்குத் தானாக இறங்கும். மேல்கியருக்கு நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ரிவர்ஸ் கியர் உண்டு, அதற்குத் தனிப் பொத்தானை அழுத்திக்கொண்டே கீழ்கியர் இழுக்க வேண்டும்.

கைக்கிளட்சிலிருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. எஸ்இ6-ன் கிளட்ச் எஞ்சின் சுற்று ஏறினால்தான் பிடிக்கும் மையவிலக்குக் கிளட்ச். எஞ்சின் அணைந்திருக்கும்போது முதல் கியரில் விட்டாலும் வண்டி நிற்காது, சரிவில் உருளும். ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதும் அப்படியே. ஆகவே இறங்குமுன் பார்க்கிங் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும். மேட்டில் கிளம்பும்போது பிரேக்கை விட்டதும் பின்னால் நழுவும். பிரேக்கை மெல்ல விட்டபடியே ஆக்ஸிலரேட்டரைத் தயங்காமல் திருக வேண்டும். தயங்கித் தயங்கித் திருகினால் கிளட்ச் பாதிப் பிடியில் வழுக்கிச் சூடேறும்.

இரு சக்கர பைக்கிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு இன்னொன்று: ஸ்பைடரில் கைப்பிரேக் கிடையாது. வலதுகால் மிதி ஒன்றே மூன்று சக்கரத்தையும் பிடிக்கும். ஆபத்து நேரத்தில் பழக்கதோஷத்தில் விரல்கள் வெறுங்காற்றைப் பிடிக்கும். காலி மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறையாவது முழு பிரேக் அடித்துப் பழகாமல் ரோட்டுக்கு வராதீர்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி, டயர் அழுத்தமானி, மல்டிமீட்டர், வெள்ளைத் துணி ஒன்று. எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் விதத்தில் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும்.

முதலில், எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் முன்பல்சக்கரம். 1330-ல் இதைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பல்சக்கரம் எஞ்சினிலிருந்து வரும் தண்டின் மேல் பள்ளமும் வரியுமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொருத்தத்தில் மயிரிழை ஆட்டம் வந்தாலும் இரும்பும் இரும்பும் உரசி மிக நுண்ணிய தூள் உதிரும். ஈரக்காற்று பட்டு அது செங்காவி நிறமாகும். டார்ச்சை அடித்து, பல்சக்கரத்தின் நடுவிலும் அதைச் சுற்றியுள்ள மூடியின் உள்பக்கமும் பாருங்கள். வெள்ளைத் துணியால் தொட்டு எடுத்தால் செங்கல்லைத் தேய்த்த மாதிரி விரல்நுனியில் ஒட்டும். சாதாரண ரோட்டுத் தூசு சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும், இது தனியாகத் தெரியும். லேசாக இருந்தால் பல்சக்கரத்தைக் கழற்றி, வரிகளைச் சுத்தம் செய்து, மாலிப்டினம் கலந்த பசை தடவி, குறித்த டார்க்கில் திரும்ப முடுக்கலாம். வரிகள் கூர்மையாகத் தேய்ந்து கத்திமுனை போல் ஆகியிருந்தால் பல்சக்கரம் மாற்ற வேண்டும். தண்டிலேயே தேய்மானம் இறங்கியிருந்தால் அது கியர்பாக்ஸைத் திறக்கும் வேலை. அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு பார்ப்பதே நல்லது. நிறையத் தூள் இருக்கும் வண்டியில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் பின்னாலிருந்து ஒரு 'டக்' கேட்கும்.

பெல்ட்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பின்சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, பல் ஏதாவது உடைந்திருக்கிறதா, கல் புகுந்து துளை விழுந்திருக்கிறதா, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பல்சக்கரத்தின் விளிம்பை பெல்ட் அழுத்தி உரசியபடி ஓடக் கூடாது. உரசினால் ஓரம் மினுமினுக்கும், மெல்லிய கீச்சொலி வரும். டயர் மாற்றியவர்கள் பின் அச்சை நேராகப் பொருத்தாததே பெரும்பாலும் காரணம்.

டயரில் கிலோமீட்டரை விட வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். ஐந்தாறு வயது தாண்டியிருந்தால் தடம் எவ்வளவு இருந்தாலும் விலையில் மூன்று டயரைக் கழித்துப் பேசுங்கள். முன்னால் 165/55 ஆர்15, பின்னால் 225/50 ஆர்15. பின்டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அதிகக் காற்றில் ஓடியிருக்கிறது. முன்டயர் ஒன்றின் உள்ஓரமோ வெளிஓரமோ தேய்ந்து, கையால் தடவும்போது ஒரு திசையில் ரம்பம் போல் உறுத்தினால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது.

பேட்டரிக்கு வருவோம். சாவி போடும் முன் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.4-க்குக் கீழே போனால் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஸ்பைடரில் ஸ்டியரிங், பிரேக், நிலைப்புக் கட்டுப்பாடு எல்லாம் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேசிக்கொண்டே இருப்பவை. ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் தாழ்ந்தால் அவை குழம்பி, இல்லாத பழுதைத் திரையில் காட்டும். எச்சரிக்கை விளக்குக்காகச் சென்சார் சென்சாராக மாற்றி, கடைசியில் பேட்டரி மாற்றியதும் எல்லாம் அணைந்த வண்டிகள் நிறைய. அதற்காக, விளக்கு எரிகிறதே என்றால் பேட்டரிதான் என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பேட்டரி மாற்றி, விளக்கு அணைந்த பிறகு வந்து வாங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

சாவி இரண்டு இருக்கிறதா? ஸ்பைடர் சாவியில் சிப் உண்டு. வண்டியின் கணினியோடு அதைப் பழக்க டீலரிடம் உள்ள பட்ஸ் மென்பொருள் வேண்டும், சாதாரண சாவிக்கடையில் வெட்ட முடியாது. ஒரே சாவியோடு வரும் வண்டிக்கு இன்னொன்று போடும் செலவு உங்களுடையது.

ஓட்டிப் பார்க்கும்போது சமதளமான, காலியான ரோட்டில் 80 கிலோமீட்டரில் கைப்பிடியை மெல்ல விரல்களால் தொட்டபடி போங்கள். ரோட்டின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும், வண்டி லேசாக ஓரத்துக்குப் போவது இயல்பு. இருபக்கமும் மாறி மாறி மேய்ந்தால் அலைன்மென்ட் அல்லது டயர். நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கையிலும் கால்பலகையிலும் அதிர்வு வந்து, வேகம் கூடியதும் மறைந்தால் பெல்ட் அதிர்கிறது. இழுவை அளவைச் சரிசெய்தால் போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. நின்றபின் ஒரு கனமான ஆளைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். தானாகச் சமநிலைப்படும் பின்சஸ்பென்ஷன் உள்ள மாடலில் சற்று நேரத்தில் காற்றடிப்பானின் முனகல் கேட்டு பின்பக்கம் உயர வேண்டும். அடிக்கடி அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது.

சர்வீஸ் ரசீதுகளில் தேட வேண்டியவை இரண்டு. 1330-க்கு முதல் சர்வீஸ் 5,000 கிலோமீட்டரில், பிறகு 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை. அடுத்து பிரேக் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. குறைவாக ஓடிய வண்டியில் இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எட்டு வயதில் 9,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியை விட, ஒழுங்காக சர்வீஸ் ஆகி 60,000 ஓடியது எவ்வளவோ மேல்.

காகிதம்

வின் எண்ணை அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நெட்சாவின் தளத்திலும் கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடா தளத்திலும் போட்டு, குறையைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்புகள் ஏதாவது முடிக்கப்படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 998 காலத்து வண்டிகளில் இது மிக முக்கியம். அந்த வேலைகளுக்கு டீலர் காசு வாங்க மாட்டார். பெஸ்ட் என்ற பெயரில் பிஆர்பி விற்கும் நீட்டிப்பு வாரன்டி மீதியிருந்தால் அடுத்த உரிமையாளருக்கு மாற்றலாம். மாற்றும் காகிதத்தில் விற்பவரின் கையெழுத்தை அன்றே வாங்குங்கள்.

டொராண்டோப் பக்கம் தனியாரிடம் வாங்கும் நம்மவர்கள் கவனிக்க: விற்பவர் பழைய வாகனத் தகவல் பொதியை உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால் அதில் தெரியும். பதிவு மாற்றும்போது 13 சதவீத வரி தனியாகக் கட்ட வேண்டும், விலை பேசும்போதே கணக்கில் வையுங்கள். ஓட்ட எம் வகுப்பு உரிமம் வேண்டும். கியூபெக்கில் மூன்று சக்கரத்துக்கென்றே 6ஈ வகுப்பு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கார் ஓட்டும் சி வகுப்பு உரிமமே போதும். எல்லை தாண்டி வாங்க நினைத்தால், காசு கொடுப்பதற்கு முன் அந்த மாடல் வருடம் இறக்குமதிக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

பழையதிலிருந்து எதைக் கழற்றலாம்

தலைக்கவச ஆடியோ, ஜிபிஎஸ், சூடேற்றும் ஜாக்கெட், மூடுதுணி, பொதுவான விளக்குகள் கூடவே வரும். இருக்கை, கண்ணாடித் திரை, பெட்டிக்குள் பைகள், இழுவைக் கொக்கி போன்றவை உடலோடு பொருந்துபவை. 2019 வரையிலான உடலுக்கும் 2020 உடலுக்கும் இவை ஒத்துப்போகாது. இருக்கைக்கு நிறையச் செலவழித்திருந்தால் பழைய வண்டியோடு சேர்த்து விற்காமல் தனியாக விற்றால் நல்ல விலை வரும். அசல் இருக்கையைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு இங்கே லாபம்.

டிரெய்லர் இழுப்பவர்கள் கவனிக்க: பிஆர்பியின் 622 லிட்டர் டிரெய்லரை வைத்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டாம், புதிய வண்டிக்கான கொக்கியும் மின்கம்பித் தொகுதியும் மட்டும் மாற்றினால் போதும். கொக்கியின் பாக எண்ணை வின் எண்ணோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். டிரெய்லர் கொக்கி மேல் எவ்வளவு எடை இறங்கலாம், மொத்தம் எவ்வளவு இழுக்கலாம் என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டிமேல் ஏறும் எடை 224 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று பெட்டியை நிரப்பினால் இந்த எல்லை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

கூடுதல் விளக்கு பொருத்தும்போது எந்தக் காரணத்துக்காகவும் வண்டியின் கம்பியை வெட்டிச் சேர்க்காதீர்கள். பிரேக் விளக்குக் கம்பியில் ஒரு எல்இடியைத் தொற்றவைத்தால் கணினி மின்னோட்டம் மாறியதைக் கவனித்துப் பழுது விளக்கை எரியவிடும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே போட்டு எடுங்கள். வண்டிக் கம்பி ரிலேயை இயக்கும் அளவு மட்டும் கொடுத்தால் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

வண்டியை டிரக்கில் ஏற்றி வருவதானால் பலகைச் சரிவு முழு அகலமாகவோ மூன்று தடமாகவோ இருக்க வேண்டும். அடிவயிறு தரையிலிருந்து 115 மில்லிமீட்டர்தான், செங்குத்தான சரிவின் உச்சியில் தட்டி முன்பக்கப் பிளாஸ்டிக் உடையும். கராஜில் ஏறக்குறைய 1.6 மீட்டர் அகலம், 2.85 மீட்டர் நீளம் வேண்டும். பக்கவாட்டில் நின்று மூடிகளைக் கழற்றும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கியவர் முதல் வேலையாக ஆயில் மாற்றுவது நல்லது, முந்தியவர் எதை ஊற்றினார் என்று யாருக்கும் தெரியாது. 1330-ல் கிளட்ச் ஆயிலில் ஊறும் வகை. ஆகவே அந்த வகைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ என்று போட்ட 5டபிள்யூ-40 மோட்டார்சைக்கிள் ஆயில் வேண்டும். எரிபொருள் சிக்கனம் என்று எழுதிய கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் இருக்கும், கிளட்ச் வழுக்கும். எஸ்இ6-ல் வடிகால் திருகு இரண்டு, ஃபில்டர் இரண்டு: ஒன்று எஞ்சினுக்கு, மற்றது கியர் மாற்றும் ஹைட்ராலிக் தொகுதிக்கு. இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கியர் விழுவதில் தாமதம் அங்கேயிருந்து தொடங்கும். சூடாக வடியவிட்டு, வாஷரும் ஓ-ரிங்கும் புதிதாகப் போட்டு, முதலில் 4 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். முழு அளவு 5 லிட்டரை ஒட்டி வரும். மீதியை அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

அந்த அளப்பில்தான் தப்பு நடக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். உடனே ஊற்றுவார்கள். சூடானதும் ஆயில் அதிகமாகிக் காற்று ஃபில்டர் பெட்டிக்குள் ஏறும், புகை வரும், கீழே சொட்டும். 15 கிலோமீட்டராவது ஓட்டி எஞ்சின் முழுச் சூடு ஏறிய பின், சமதளத்தில் நிறுத்தி, அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்து, உடனே அளங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் அதுவே சரி, மேல்குறியைத் தொடவைக்க வேண்டாம்.

டயர்க் காற்று: முன்னால் 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள், பின்னால் 28. உங்கள் மாடலுக்கான துல்லிய அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உண்டு. டயர்க்கடைக்காரர் கார் வழக்கத்தில் 35 ஏற்றி அனுப்புவார். அந்தக் காற்றில் முன்பக்கம் குதிக்கும், ஒவ்வொரு பிளவுக்கும் கைப்பிடி உதறும். புதுவண்டி சரியில்லை என்று வருந்துகிறவர்களில் பாதிப் பேருக்குக் காற்றைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

மீதிக் குறைக்கு லேசர் அலைன்மென்ட். ஆலையிலிருந்து வந்த புத்தம்புது வண்டிக்கும் இதைச் செய்யச் சொல்கிறோம். கைப்பிடியை நடுவில் பூட்டி, முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டுக்கு எப்படி நிற்கின்றன என்று லேசரால் பார்த்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளைத் திருகிச் சரிசெய்வார்கள். செய்பவர் ஸ்பைடர் தெரிந்தவராக இருக்க வேண்டும். கார் அலைன்மென்ட் மேடையில் பின்சக்கரம் ஒன்றே என்பதற்கு இடமில்லை, அங்கே கொண்டுபோனால் கெடுத்து அனுப்புவார்கள். டயர் மாற்றுவதாக இருந்தால் முதலில் டயர், பிறகு அலைன்மென்ட்.

வளைவில் வெளிப்பக்கமாகச் சாய்வது பிடிக்காதவர்கள் இரண்டு முன்பக்கத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ஸ்வே பாரைத் தடித்ததாகப் போடலாம். முன்பக்கக் கீழ்மூடிகளைக் கழற்றி, பழைய கம்பியின் இரண்டு புஷ், இரண்டு இணைப்புகளை அவிழ்த்து மாற்றும் வேலை. ஜாக்கும் ஸ்டாண்டும் இருந்தால் நிதானமாக மூன்று மணி நேரம். இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் தொங்கும்போது மட்டும் இணைப்புத் திருகுகளை முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கியபடி முடுக்கினால் கம்பி முறுகிய நிலையில் பூட்டிக்கொள்ளும், நேர்ரோட்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஸ்டார்ட் ஆகவில்லை என்று முதல் நாள் பதறுவார்கள். சாவி போட்டதும் திரையில் வரும் பாதுகாப்புச் செய்தியைப் பொத்தான் அழுத்தி ஏற்றால்தான் எஞ்சின் கிளம்பும்.

998-ல் இருந்து வருகிறவர் கியரைச் சீக்கிரம் ஏற்றப் பழக வேண்டும். ஆனால் ஆறாவது கியரை நெடுஞ்சாலை வேகம் வந்த பிறகு போடுங்கள். எரிபொருள் சேமிக்க கியர் ஏற்றச் சொல்லும் ஈகோ அம்பு சொல்கிறதே என்று 80-ல் போட்டு இழுக்கச் சொன்னால் 1330-ம் முனகும். ரோட்டுப் பள்ளத்தைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டும் கார் வழக்கம் இங்கே செல்லாது, நடுவில் பின்சக்கரம் வருகிறது. அகலமான டயர்கள் தேங்கிய தண்ணீரில் மிதக்கும், முதலில் வழுக்குவது பின்சக்கரம். கனமழையில் 80-க்குக் கீழே இறங்குங்கள், குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

ஆயிரம் ஆனதும் டார்ச்சோடு மறுபடி உட்காருங்கள். பெல்ட் இழுவை, விளிம்பு உரசல், முன்பல்சக்கரத்தில் செந்தூள், ஆயில் அளவு, முன்டயர் ஓரத் தேய்மானம். பல்சக்கரத்தைச் சுத்தம் செய்து பூட்டிய வண்டியானால் அந்த இடத்தை இன்று படமெடுத்து வைத்து, 5,000-ல் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். தூள் மறுபடி தெரிந்தால் உடனே கழற்றச் சொல்ல வேண்டும்.

பனிக்காலத்துக்கு மூடிவைக்கும்போது டாங்கியை நிரப்பி, எரிபொருள் கெடாமலிருக்கும் மருந்து கலந்து, பத்து நிமிடம் ஓட்டி அது எரிபொருள் பீச்சும் ஊசிவரை போகவிடுங்கள். மூடிய வகையான ஏஜிஎம் பேட்டரிக்கான ஸ்மார்ட் சார்ஜர் தொடர்ந்து மாட்டியிருக்கட்டும், ஒன்றரை இரண்டு ஆம்பியர் போதும். புதிய ஆர்டியில் பார்க்கிங் பிரேக்கும் மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி செத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகாதது மட்டுமல்ல, பூட்டிய பிரேக்கோடு 460 கிலோ வண்டியைக் கராஜிலிருந்து நகர்த்தவும் முடியாது.